கடைவாயில் ஒரு வெள்ளைப் பல்

அத்தியாயம் 9

"முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க. அப்புறந்தான் உடைஞ்ச பல்லு மேல எந்த உறை, எந்தக் கேப் போடுறதுன்னு நான் சொல்லுவேன்," என்றார் பல் டொக்டர் லோஜினி.

பிரேமினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. துப்பறிய வந்தவள் என்பதை இவ்வளவு சீக்கிரம் எப்படி மோப்பம் பிடித்தார்? பல் நாற்காலியில் மல்லாந்து கிடக்கும்போது எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியும் திருதிருவென்று முழிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

"பயந்துட்டீங்களா? தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா, வெத்திலை போடுவீங்களா, எலும்பு கடிப்பீங்களான்னு கேக்குறேன். ஆளைத் தெரியாம கேப் தெரிவு செய்ய முடியாது."

"எலும்பா? மேடம் ஆளையே கடிப்பாங்க டொக்டர்," என்றான் மூலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஷிஹாம்.

பிரேமினி முன்பு கண்டியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பனிக்காகப் பொய்க் காயங்களையும் பொய்த் தீவிபத்துகளையும் துருவிக்கொண்டிருந்தவள். அது அலுத்துப்போய், ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்தாள். ஷிஹாம் அவளுடைய உதவியாளன், ஓட்டோ டிரைவர், தேநீர் வாங்கி வருகிறவன். எல்லாவற்றுக்கும் மேலாக அவன் ஒரு வாய். அந்த வாய்க்குப் போடப் பூட்டு கீழே ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கவில்லை.

பிரேமினியின் பல் நிஜமாகவே உடைந்திருந்தது. நானுஓயா ஸ்டேஷனில் வாங்கிய கடலையில் ஒரு கல் இருந்திருக்கிறது. ஆனால் ஹட்டனில் அவள் ஏறி இறங்கும் மூன்றாவது பல் கிளினிக் இது என்பதற்குக் காரணம் கடலை இல்லை. காரணம், நாகலெட்சுமி.

நோர்வூட்டுக்கு மேலே கல்லுமலை தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்தவன் நாகலெட்சுமியின் கணவன் அழகன். கொழுந்து வாடுவதிலிருந்து, தேநீர் போட்டு ருசி பார்த்து, தூள் மூட்டையேறும் வரை எல்லாம் அவன் பொறுப்பு. போன வருஷக் கடைசி மழையில் ஒருநாள் ஹட்டனுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. அதே பின்னேரம் நோர்வூட் ரோட்டில் மலை சரிந்து ஒரு வேனை மூடியது. வெகுநாள் கழித்துத்தான் மண்ணை அள்ளி முடித்தார்கள். கிடைத்த உடம்புகளில் ஒன்றை முகம் பார்த்துச் சொல்ல வழியில்லை. அதன் கீழ்க் கடைவாயில் மட்டும் பளிச்சென்று ஒரு பல், வெள்ளை நிறக் கேப் போட்டது.

அழகனுக்கும் அதே இடத்தில் கேப் உண்டு. ஆனால் அது வெள்ளி நிறத்து உலோகம். நாகலெட்சுமியே கூடப் போய், "பின்னால இருக்குற பல்லுதானே, யாரு பாக்கப்போறா, கெட்டியா இருந்தா சரி" என்று தெரிவு செய்தது. போட்டுவிட்ட நோர்வூட் டொக்டரும் உலோகந்தான் என்று சொல்லிவிட்டார். கொழும்பிலிருந்து பரிசோதனை முடிவு வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் அந்த உடம்பை வைத்திருந்தார்கள்.

பல் அழகனுடையது இல்லை என்றால் அழகன் எங்கே? தோட்டத்து வாய்களுக்கு இது போதாதா? அவன் கடைசியாக வீட்டுக்குப் போன் எடுத்தபோது நாக்குக் குழறியது, பின்னால் பெண்கள் சிரித்தார்கள் என்று நாகலெட்சுமி யாரிடமோ சொல்லி அழுதிருக்கிறாள். அது பீலிக்கரைக்குப் போனது. தண்ணீர் பிடிக்க வருகிற ஒவ்வொருத்தியும் ஒரு குடம் நிரப்பி, ஒரு கதை கட்டிக்கொண்டு போனாள். குடிச்சிட்டான், கூத்தியாள் வச்சிருக்கான், ஓடிட்டான். ஸ்டாஃப் குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தொழிலாளர் வரிசை வீட்டில் தாயின் லயக் காம்பராவுக்கு வந்திருந்த நாகலெட்சுமி அந்தக் கதைகளைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் தண்ணீர் பிடித்தாள்.

போன வாரம் பிரேமினியின் ஆபீஸில் உட்கார்ந்து அவள் சொன்னது இதுதான். "குடிச்சிருக்கட்டுங்க. எவளோடயாவது இருக்கட்டும். எங்கயாவது ஒரு மூலையில சோறு தின்னுக்கிட்டு உசுரோட இருந்தா எனக்குப் போதும். அந்தப் பல்லு வேற யாருதுன்னு பேரோட கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மிஸ்."

கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுகிற கட்டம், ஏசுகிற கட்டம் எல்லாம் தாண்டி, மரத்துப்போன குரல். கையைக் கிள்ளினால்கூட யாருடைய கை என்று கேட்பாள் போலிருந்தது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு பிரேமினிக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

அழகன் குடித்த இடத்தைத் தேடும் வேலை ஷிஹாமுக்குப் போயிருந்தது. "ஹட்டன்ல ஒரு பார் மிச்சமில்ல மேடம், எல்லாத்துலயும் ஏறி இறங்கிட்டேன். அழகனைப் பார்த்தவன் ஒருத்தன் இல்ல. என்னைப் பார்த்தவங்கதான் ஏராளம். எங்க வாப்பாவுக்கு ரெண்டு பேர் போன் பண்ணிட்டாங்க," என்று நொந்துபோயிருந்தான். நாக்கின் ருசி கெட்டுவிடும் என்று வெற்றிலையைக்கூடத் தொடாத மனிதன் பட்டப்பகலில் குடித்தான் என்பது பிரேமினிக்கும் ஒட்டவில்லை. ஒட்டாததைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பல்லின் பக்கம் திரும்பியிருந்தாள்.

லோஜினி மாதிரிக் கேப்களை ஒரு தட்டில் பரப்பினார்.

"பல்லைக் கடிக்கிறவங்களுக்கு முழு உலோகம். மெல்லிசாப் போடலாம், சீக்கிரத்துல உடையாது. சிரிச்சா தெரியிற முன்பல்லுக்கு முழுப் பீங்கான். ரெண்டும் வேணுங்கிறவங்களுக்கு உள்ள உலோகம், மேல பீங்கான். இது சிர்கோனியா. வெள்ளையாவும் இருக்கும், கல்லு மாதிரியும் இருக்கும்."

"ஆளுக்கு ஏத்த கேப்னு சொல்றீங்க. கேப்பைக் காட்டினா ஆளைச் சொல்லுவீங்களா?" பிரேமினி போனை நீட்டினாள். திரையில் ஆஸ்பத்திரியில் எடுத்த படம், அந்த ஒரு பல் மட்டும்.

லோஜினி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். படத்தைப் பெரிதாக்கினார். "இந்த ஓரத்துல ஒரு பள்ளம் தெரியுதா? எதிர்ப்பல்லு சாஞ்சு இடிச்சதால நானே ராவினது. இது என் வேலைதான். பின்பல்லுக்கு சிர்கோனியா கேட்டு அடம்பிடிச்ச ஆளு இங்க ஒருத்தர்தான். தர்ஷன்னு பேரு. ஏன், அவருக்கு என்ன?"

தர்ஷன்!

பிரேமினி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். வேறு ஆள். வேறு பெயர். நாகலெட்சுமி கேட்டது அப்படியே கையில் வந்து விழுந்திருக்கிறது. மண்சரிவைப் பற்றி லோஜினியிடம் தணிந்த குரலில் சொன்னாள். லோஜினியின் முகம் வாடியது. "ஐயோ. ஒரு தடவ வந்து காட்டச் சொல்லியிருந்தேன். வலியில்ல போல, அதான் வரலன்னு நெனச்சேன்."

செத்தவருக்காக வருத்தப்பட வேண்டிய நேரம் என்று பிரேமினிக்குத் தெரிந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

"ஷிஹாம், நாகலெட்சுமிக்கு போன் எடு. பல்லு அழகனோடது இல்ல, தர்ஷன்னு ஒருத்தரோடதுன்னு சொல்லிடு."

"இப்பவேவா?"

"இப்பவே. இன்னிக்காவது அந்தப் பொம்பளை தூங்கட்டும்."

ஷிஹாம் வெளியே ஓடினான். லோஜினி பிரேமினியின் ஈறில் ஊசியை ஏற்றினார். சற்று நேரத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் அவளை விட்டுப் போயின. கன்னத்துக்குள் பஞ்சு, வாய் ஓரத்தில் எச்சில் இழுக்கும் குழாய். கேட்கலாம், பேச முடியாது.

"நல்ல மனுஷன் அந்தத் தர்ஷன்," என்றார் லோஜினி, பல்லை ராவிக்கொண்டே. "அப்படி யாரும் கேப் தெரிவு செஞ்சு நான் பார்த்ததில்ல. முதல் நாள் ஃபிளாஸ்க் நிறையச் சாயம், வெறுந்தேத்தண்ணி, கொண்டு வந்தார். பாலும் இல்ல, சீனியும் இல்ல. ஒரு கரண்டி வேற. கழுவிச் சுத்தம் பண்ணின மாதிரிக் கேப் ஒவ்வொன்னையும் கன்னத்துல அடக்கிக்கிட்டு, சாயத்தை சர்ருனு உறிஞ்சி, வாய்க்குள்ள உருட்டி, இந்தத் தொட்டியில துப்பினார். உலோகம், துப்பல். உலோகமும் பீங்கானும், யோசிச்சிட்டுத் துப்பல். எங்க நேர்ஸ் அப்ரா வெளியில போய்ச் சிரிச்சா. சிர்கோனியாவை மட்டும் துப்பல. முழுங்கிட்டு, 'இது போதும் டொக்டர்'னார்."



சாயத்தை உறிஞ்சி, உருட்டி, துப்பிப் பார்க்கிறவர்கள் இந்த மலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஃபெக்டரிக்கு ஒருவராவது இருப்பார் என்று அவள் தனக்குள்ளேயே வாதாடினாள். தர்ஷனும் எங்காவது ஒரு டீமேக்கராக இருந்திருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது?

"ஏற்கனவே ஒரு உலோகக் கேப் போட்டிருந்தார்," லோஜினி விடவில்லை. "எதிர்ப்பல்லுல பழைய வெள்ளி அடைப்பு. ரெண்டு உலோகம் வாயில ஒன்னையொன்னு தொட்டா சில பேருக்கு ஒரு ருசி கிளம்பும். 'என் வீட்டம்மா போடுற தேத்தண்ணி பித்தளை மாதிரி இருக்கு டொக்டர், அவ கையைக் குத்தஞ் சொல்லிட்டேன், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா'ன்னார். அவங்களே பார்த்துத் தெரிவு செஞ்ச கேப்பாம். பிடிக்கலன்னு சொல்ல மனசு வரல, சொல்லாமலேயே மாத்திட்டுப் போயிருவோம்னு வந்தாராம். நாக்குல ருசி செத்தவன்னு ஃபெக்டரியில பேர் வந்துடக் கூடாதுன்னும் பயம்."

கதவு திறந்தது. ஷிஹாம் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"மேடம், அவங்க சிரிச்சாங்க! நாகலெட்சுமி அக்கா சிரிச்சாங்க! 'ஆண்டவனே'ன்னு ஒரு சத்தம், அப்புறம் சிரிப்பு. இன்னொரு வேடிக்கை கேளுங்க. அவங்க தம்பி பேரும் தர்ஷன்தானாம். டுபாயில இருக்கானாம். 'பாவம், என் தம்பி பேரு வச்ச யாரு பெத்த புள்ளையோ'ன்னாங்க."

பிரேமினி கையை நீட்டி, போனைத் தரச் சொல்லி விரலை அசைத்தாள். அவளுடைய கண்ணைப் பார்த்ததும் ஷிஹாமின் பற்கள் உள்ளே போயின. போனை வாங்கி அழகனின் படத்தை எடுத்தாள். நாகலெட்சுமி கொடுத்த படம், ஃபெக்டரி வாசலில் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறான். லோஜினியிடம் திருப்பினாள்.

"ஆமா, இவர்தான்," என்றார் லோஜினி. "தர்ஷன்."

விஷயம் ஃபெக்டரிக்கோ வீட்டுக்கோ போய்விடக் கூடாதென்று அழகன் மனைவியின் தம்பி பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பக்கத்தில் கிடைக்கிற பெயரைத்தான் எடுப்பான்.

"மேடம்," என்றான் ஷிஹாம் மெதுவாக, "அப்போ அந்த போன்? குடிச்சிட்டுப் பேசினது?"

பிரேமினி மரத்துப்போன தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

லோஜினிக்கும் அது நினைவு வந்தது. "போன்ல இங்கயிருந்துதான் பேசினார். புதுக் கேப்பை ஒட்டுறப்போ கூசும்னு ஊசி போட்டிருந்தேன். ஒரு சொல்லு ஒழுங்கா வரல. நானும் அப்ராவும் சிரிச்சிட்டோம், அவரும் சிரிச்சார். அங்க போனை வச்சுட்டாங்க. 'பரவால்ல, நேரா வீட்டுக்குத்தானே போறேன், போய்ச் சொல்லிக்கிறேன்'னு கையை ஆட்டிட்டுப் போனார். சூடா ஒன்னும் குடிக்காதீங்க, மரப்பு விடட்டும்னு சொல்லி அனுப்பினேன்."

லோஜினி உடைந்த பல்லின் மேல் தற்காலிகமாக ஒன்றை ஒட்டிவிட்டு, எந்தக் கேப் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஓட்டோ நோர்வூட் ரோட்டில் ஏறியது. மலை சரிந்த இடத்தில் சிவப்பு மண் இன்னும் பச்சை பிடிக்காமல் கிடந்தது. அதைக் கடந்ததும் ஷிஹாம் கேட்டான்.

"சொல்லாம விட்டா என்ன மேடம்? டொக்டர் சொன்ன பேர்தானே நான் சொன்னேன். எவ்வளவு நாளுக்கப்புறம் அந்த அக்கா சிரிச்சாங்க தெரியுமா?"

பிரேமினிக்கும் அந்த ஆசை வந்துவிட்டுத்தான் போயிருந்தது. கொழும்பிலிருந்து முடிவு வருகிற வரை, ஒரு மாதமோ இரண்டு மாதமோ, அவள் சிரித்துக்கொண்டிருக்கட்டுமே. ஆனால் அந்தச் சிரிப்புக்கு விலை, புருஷன் வேறு எவளோடோ இருக்கிறான் என்று அவள் நம்புவது. அவனைப் பற்றி அப்படி நம்பவிட பிரேமினிக்கு மனம் ஒப்பவில்லை. அவசரப்பட்டுச் சொல்லவைத்தவள் அவள். அதைத் திருப்பி எடுக்க வேண்டியவளும் அவள்தான்.

"நான் சொல்றேன்," என்றாள். வாய் கோணிக்கொண்டு சொற்கள் வழுக்கின.

லயத்து வாசலில் நாகலெட்சுமி நின்றிருந்தாள். தலை வாரி, நெற்றியில் புதுப் பொட்டு வைத்திருந்தாள். ஓட்டோவைக் கண்டதும் எட்டி நடந்து வந்து பிரேமினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க மிஸ், உள்ள வாங்க. இனி அவரு எங்க இருக்காருன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நான் போகக்கூட மாட்டேன். தெரிஞ்சா போதும்."

"நாகலெட்சுமி, கொஞ்சம் உக்காருங்க." நாக்கு குழறியது. பிரேமினி மறுபடி முயன்றாள். "உக்காந்து கேளுங்க."

நாகலெட்சுமி அவள் வாயையே பார்த்தாள். பிறகு ஷிஹாமைப் பார்த்தாள். மறுபடி வாயை.

"ஏன் மிஸ் இப்பிடிப் பேசுறீங்க?"

"பல்லுக்கு ஊசி போட்டாங்க. ஹட்டன்ல. பாதி வாய் மரத்துப்போச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. நாகலெட்சுமியின் பிடி தளர்ந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. எந்தக் குழறலை இத்தனை நாளும் காதுக்குள் வைத்துக் கொண்டிருந்தாளோ, அதையும் இதையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிரேமினிக்குத் தெரிந்தது.

"அவரு குடிக்கலையா?"

"இல்ல."

"அந்தச் சிரிச்ச பொம்பளைங்க?"

"டொக்டரும் நேர்ஸும்."

"அப்ப அந்தப் பல்லு..."

"அவரோடதுதான். உலோகத்தை எடுத்துட்டு வெள்ளை போட்டுக்கிட்டாரு. உங்க தம்பி பேரைச் சொல்லியிருக்காரு. நான் அவசரப்பட்டு உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"ஏன் மாத்தினாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று பிரேமினி வழியெல்லாம் பயந்திருந்தாள். "உங்க தேத்தண்ணியோட பழைய ருசி வேணும்னு டொக்டர்கிட்ட கேட்டிருக்காரு," என்றாள். உலோகத்தைத் தெரிவு செய்தது யார் என்பதை அவள் தொடவில்லை. நாகலெட்சுமிக்கு அது என்றாவது தானாகத் தோன்றலாம். இன்றைக்கு அதைத் தூக்கிக் கையில் கொடுக்க இவளால் ஆகாது.

நாகலெட்சுமி திரும்பினாள். அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்தின் கோடிக்கு, பீலிக்கரைக்கு நடந்தாள். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. ஷிஹாம் தடுக்கப் போனான். பிரேமினி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள் நாகலெட்சுமி. குரல் உயரவில்லை. ஆனால் கடைசிக் காம்பரா வரை கேட்டது. "என் புருஷன் ஓடிப்போகல. குடிக்கல. எவகிட்டயும் போகல."

நிரம்பிய குடத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை.

"செத்துட்டாரு," என்றாள். "என் புருஷன் செத்துட்டாரு. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு."

அந்தக் கடைசிச் சொல்லோடு அவளுடைய கால் மடங்கியது. முதலில் ஓடி வந்து தாங்கியவள், இத்தனை நாளும் எல்லாரையும்விட அதிகமாகக் கதை கட்டியவள்.